ரம்மியிலிருந்து என்னை விலக்கிக்கொள்ள எனக்கு ஒன்றேகால் வருடம் ஆனது

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரிலிருந்து 2025 மார்ச் வரை என் வங்கிக் கணக்கிலிருந்து ரம்மி ஆப்களுக்குப் போனது 9,12,400 ரூபாய். ஜெயித்ததாகத் திரும்பி வந்தது 2,71,000. கையை விட்டுப் போனது 6,41,400. என் சம்பளம் மாதம் 26,000. இரண்டு வருடம் நான் வெயிலில் நின்று சம்பாதித்தது அப்படியே போன் திரைக்குள் போய்விட்டது. ஏலத்தில் போன நகையும், கடன் ஆப்களுக்குக் கட்டிய வட்டியும் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கைப் போட எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஸ்டேட்மென்ட்டைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு நான்கு பக்கத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

இந்தக் கணக்கில் என்னை இன்றும் உறுத்துகிற தொகை வேறு. 3,58,000 ரூபாய். நிறுத்த வேண்டும் என்று நான் முடிவெடுத்த பிறகு போன பணம் அது. முடிவெடுத்தது 2023 டிசம்பரில். நிறுத்தியது 2025 மார்ச்சில். நடுவில் இருந்த அந்த ஒன்றேகால் வருடத்தில் யாராவது ஒருவர் என்னிடம் நான்கு விஷயம் சொல்லியிருந்தால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி இன்று வீட்டில் இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீடு கொருக்குப்பேட்டை. கன்டெய்னர் லாரி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்பதை நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் எங்கள் வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவருக்கு டீசலுக்குப் பணம் போட வேண்டும், யாருக்குப் பேட்டா பாக்கி என்று பார்ப்பதுதான் என் வேலை. இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, காத்திருக்கும் நேரம் அதிகம், கையில் போன். இரண்டு, கம்பெனிப் பணம் என் சொந்தக் கணக்கு வழியாகத்தான் டிரைவர்களுக்குப் போகும். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2021 தீபாவளி முடிந்த அந்த வார இறுதியில் சென்னையில் விடிய விடியக் கொட்டியது நினைவிருக்கும். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வண்டி எதுவும் ஓடவில்லை. மூன்று நாள் மாடிப்படியில் உட்கார்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்லைன் ரம்மிக்கு மாநில அரசு போட்டிருந்த தடையை அந்த ஆகஸ்டில்தான் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. எதைத் திறந்தாலும் ரம்மி விளம்பரம். சீட்டாட்டம் எனக்குப் புதிதில்லை, பொங்கலுக்கு அத்தை வீட்டில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் வைத்து விடிய விடிய ஆடி வளர்ந்தவன். போன் நம்பர் போட்டேன், ஓடிபி வந்தது, உள்ளே போய்விட்டேன். மொத்தம் இரண்டு நிமிடம். 50 ரூபாய் இலவசம். அந்த வாரம் 2,300 ரூபாய் ஜெயித்தேன். அத்தை வீட்டில் காசு தீர்ந்தால் எழுந்து போய்ப் படுத்துவிடுவோம். இதில் காசு தீர்வதே இல்லை. கணக்கில் இருப்பது தீர்ந்தால் கடன் ஆப், அது தீர்ந்தால் மனைவியின் செயின், அதுவும் தீர்ந்தால் டிரைவர்களின் டீசல் காசு.

நடுவில் நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, ஆடியவர்களுக்குத் தெரியும். நேராக 2023 டிசம்பருக்கு வருகிறேன். மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து வீட்டுச் சுவர், வலை, படகு எல்லாம் கறுத்துக் கிடந்தன. எங்களுக்கு அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் மெத்தை, பிரிட்ஜ், மகளின் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. அரசு நிவாரணமாக 6,000 ரூபாய் ரேஷன் கடையில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். என் மனைவி டோக்கனோடு வரிசையில் நின்று வாங்கி வந்து, "மெத்தை ஒண்ணு பாத்துட்டு வாங்க, பாப்பாவுக்கு ஈரத்துல சளி புடிக்குது" என்று என் கையில் கொடுத்தாள். நான் அதைத் தெருமுனைக் கடைக்காரரிடம் கொடுத்து என் கணக்குக்கு ஜிபே பண்ணச் சொன்னேன். இரவு 2.40-க்குக் கடைசி 200 ரூபாயும் போனது. மகள் பக்கத்தில் பாயில் படுத்து இருமிக்கொண்டிருந்தாள்.

காலை ஐந்து மணிக்கு முடிவெடுத்தேன். இதற்கு முன்னும் பல தடவை ஆப்பை அழித்திருக்கிறேன், மறுபடி இறக்கியிருக்கிறேன். இந்தத் தடவை கணக்கையே மூடிவிட வேண்டும் என்று நினைத்தேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் எல்லாம் தோற்ற பிறகு ஒரு தெளிவு வரும். அது எனக்கு ஒருபோதும் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை. குளித்து, டீ குடித்து, வண்டியை எடுத்துத் தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள், "போனதை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம்" என்று உள்ளே பேச்சு தொடங்கிவிடும். ஆகவே வெளியே போகும் வழி எதுவானாலும் அந்த அரை மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி இருக்க வேண்டும். உள்ளே வர இரண்டு நிமிடம் வைத்தவர்களால் இதையும் வைக்க முடியும்.

அன்று நான் பார்த்தது இது. ஆப்பில் பணம் கட்டும் பொத்தான் எல்லாப் பக்கத்திலும் மேலேயே பச்சையாக இருக்கும். சுயவிலக்கு, அதாவது என்னை ஆட விடாதீர்கள் என்று நானே என் கணக்கை மூடச் சொல்லும் வசதி, எங்கே என்று தேட எனக்கு இருபது நிமிடம் ஆனது. மெனு, அதற்குள் உதவி, அதற்குள் கீழே கீழே போனால் பொறுப்பான விளையாட்டு என்று ஒரு பக்கம், முழுக்க ஆங்கிலம். விளம்பரமெல்லாம் நல்ல தமிழில் வந்தது, இது மட்டும் தமிழில் இல்லை. நான் பிளஸ் டூ படித்தவன், டிரான்ஸ்போர்ட் ஆவணங்கள் பார்த்துப் பழகியவன், எனக்கே இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. அதில் நாள் வரம்பு, மாத வரம்பு பற்றி நிறைய எழுதிவிட்டு, கடைசியில் கணக்கை நிறுத்தி வைக்க இமெயில் அனுப்புங்கள் என்று போட்டிருந்தார்கள். பதிவுசெய்த இமெயிலிலிருந்து, பான் கார்டு நகலோடு, காரணம் எழுதி அனுப்ப வேண்டும். நான் போன் நம்பரில் சேர்ந்தவன், இமெயில் பதிவே இல்லை. முதலில் இமெயிலைப் பதிவுசெய்து, அதைச் சரிபார்த்து, பிறகு பானைப் போட்டோ எடுத்து, அது மங்கல் என்று திரும்பி வந்து, மறுபடி அனுப்பி... 72 மணி நேரத்துக்குள் பதில் வரும் என்றார்கள். அதுவரை கணக்கு திறந்தே இருக்கும்.

மறுநாள் மதியம் போன் வந்தது. ஒரு பெண், மரியாதையான பேச்சு. "என்ன சார், ஏதாவது குறையா? நீங்க எங்க கோல்டு மெம்பர். ஆயிரம் ரூபாய் போனஸ் போட்டிருக்கேன், யோசிச்சிட்டுச் சொல்லுங்க." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அது வேலை. ஆனால் அந்த ஆயிரத்தைத் தொட்டேன். போனஸைப் பணமாக எடுக்க வேண்டுமென்றால் நம் பணத்தையும் போட்டு ஆட வேண்டும். அந்த மூன்று நாளில் 11,500 ரூபாய் போனது. நான்காம் நாள் கணக்கு 30 நாளைக்கு மூடப்பட்டது என்று இமெயில் வந்தது. ஒரு வருடம் வேண்டும் என்று நான் எழுதவில்லை, எத்தனை நாள் என்று கேட்கவும் இல்லை, அவர்களாக 30 போட்டுக்கொண்டார்கள். முப்பதாம் நாள் முடிந்த காலை "மீண்டும் வருக" என்று குறுஞ்செய்தி. கணக்கு தானாகத் திறந்துகொண்டது. அந்த 30 நாளும் நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆப்பில் மூடினால் இன்னொரு கம்பெனி ஆப்பில் அது தெரியாது. நான் வேறு இரண்டு ஆப்களில் சேர்ந்துவிட்டேன். பத்துக் கதவு உள்ள வீட்டில் ஒரு கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக இருந்த மாதிரிதான்.

என் பெரியப்பா மகன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்கிறான். பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னபோது, அங்கே காசினோவுக்குள் தன்னை விடக்கூடாது என்று ஒருவர் தானே எழுதிக் கொடுக்கலாம், குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம், அதற்கென்று தேசிய அளவில் ஒரு கவுன்சிலே இருக்கிறது என்றான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தேடிப் படித்தேன். பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்று ஒரே ஒரு இடம் இருக்கிறது. அங்கே ஒரு தடவை பதிவு செய்தால் அந்த நாட்டில் உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் சூதாட்டத் தளங்களும் அந்த ஆளை உள்ளே விடக்கூடாது. ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று காலத்தை நாமே குறிக்கலாம். 2020 மார்ச் 31 முதல் அங்கே இது எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2023 ஆகஸ்டில் பெட்ஸ்டாப் என்று தொடங்கினார்கள், மூன்று மாதத்திலிருந்து வாழ்நாள் முழுவதற்கும் விலகலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது லண்டனிலோ சிட்னியிலோ இருந்து இதில் மாட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். காலம் குறிக்கும்போது இருப்பதிலேயே நீளமானதைக் குறிக்கச் சொல்லுங்கள். காரணம் எழுத இடம் இருந்தால் ஒரே வரி போதும். நிறுவனத்திலிருந்து போன் வந்தால் எடுக்க வேண்டாம், அந்தப் பேச்சில் நாம் ஜெயிக்க மாட்டோம். விளம்பரச் செய்தியையும் நிறுத்தச் சொல்லித் தனியாக எழுத வேண்டும், கணக்கை மூடினால் செய்தியும் நின்றுவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது.

எனக்கு இப்படி எதுவும் இல்லாததால் 2024 முழுவதும் மூடுவதும் திறப்பதுமாகப் போனது. 2025 பிப்ரவரியில் எல்லாம் ஒரே வாரத்தில் வெளியே வந்தது. மூன்றரை சவரன் செயின் ஏலத்துக்கு வருகிறது என்று அடகுக்கடை நோட்டீஸ் வீட்டுக்கு வந்துவிட்டது. அதே வாரம் முதலாளி டீசல் கணக்கைப் பார்த்து 42,000 ரூபாய் எங்கே என்று கேட்டார். வீட்டில் அம்மா ஒப்பாரி வைத்து அழுதாள். காசிமேட்டில் கூடை தூக்கி என்னைப் படிக்க வைத்தவள். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு, பாப்பா தூங்கிய பிறகு வந்து உட்கார்ந்து, "திட்றதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க. எதப் பூட்டணுமோ பூட்டிட்டு சாவிய எங்கிட்ட குடுங்க" என்றாள்.

அவள் சொன்ன அந்த வார்த்தைதான் வழியைக் காட்டியது. ஆப் கம்பெனியிடம் என்னை வெளியே விடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பூட்ட வேண்டிய இடம் என் பணம் வெளியே போகும் வழி என்பது எனக்கு உறைக்கவில்லை. யுபிஐ வேலை செய்ய, வங்கியில் பதிவான மொபைல் நம்பரின் சிம் அந்தப் போனில் இருக்க வேண்டும். வங்கியில் பதிவான நம்பரை மனைவியின் நம்பராக மாற்றிவிட்டால் என் போனிலிருந்து புதிதாக யுபிஐ தொடங்க முடியாது, ஓடிபியும் அவளுக்குத்தான் போகும். இவ்வளவுதான். இதற்கு எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம். முதலில் என் போனில் இருந்த எல்லா யுபிஐ ஆப்களிலும் வங்கிக் கணக்கை நீக்கினேன். பிறகு வங்கிக் கிளைக்குப் போய் நம்பர் மாற்றும் படிவம் கொடுத்தேன், இன்டர்நெட் பேங்கிங்கை மூடச் சொன்னேன். டெபிட் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையை நாமே நிறுத்திக்கொள்ளும் வசதி ரிசர்வ் வங்கி உத்தரவால் 2020-லிருந்து எல்லாக் கார்டுகளிலும் உண்டு. ஆனால் நிறுத்தியவனே மறுநாள் திறந்துகொள்ளலாம் என்பதால் அது பாதிப் பூட்டுதான். அதனால் கார்டையும் மனைவியிடமே கொடுத்துவிட்டேன்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது, செய்யும்போது அப்படி இல்லை. முதல் தடவை தனியாகப் போனேன். கவுன்டரில் இருந்தவர் "போன் தொலைஞ்சிடுச்சா? எதுக்கு நம்பர் மாத்தறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. பின்னால் ஆள் நிற்கிறார்கள். அப்புறம் வருகிறேன் என்று வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்து அழுதேன். இரண்டாம் தடவை மனைவி கூட வந்தாள், அவள் "குடும்பக் கணக்கு சார், நான்தான் பாத்துக்கறேன்" என்று ஒரே வரியில் முடித்தாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் போகும்போதும் அந்த ஒரு வரி போதும். வங்கியில் நம் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு ஓட்டை விட்டுவிட்டேன். பழைய கம்பெனியில் இருந்தபோது திறந்த சம்பளக் கணக்கு ஒன்று மறந்தே போயிருந்தது. மார்ச் மூன்றாம் வாரம் ஒரு டிரைவர் என்னிடம் வாங்கிய கைமாற்று 4,000-ஐத் திருப்பித் தந்தார், பழைய நம்பருக்கே போடவா என்று கேட்டார். அந்தக் கணக்கு உயிரோடு இருந்தது. அன்று இரவு அந்த 4,000-மும் போனது. அதுதான் கடைசி. அதனால் சொல்கிறேன், ஒரே உட்காரலில் எல்லாக் கணக்கையும் எழுதுங்கள். பழைய சம்பளக் கணக்கு, கூட்டுறவு வங்கிக் கணக்கு, வாலட், கிரெடிட் கார்டு, பாதியில் விட்ட கணக்கு, எல்லாம். தேவையில்லாததை மூடிவிடுங்கள்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். டீசல் பணம் இனி என் கணக்கு வழியாக வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் திட்டினார், திட்டிவிட்டு ஒத்துக்கொண்டார். மாதம் 3,000 பிடித்து 14 மாதத்தில் முடிக்கலாம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குக் கிடைத்த நிம்மதி, ரம்மியில் ஜெயித்த எந்த நாளிலும் கிடைத்ததில்லை. அடுத்தவர் பணம் நம் கையில் புழங்கும் வேலையில் இருப்பவர்கள், கலெக்‌ஷன் பார்ப்பவர்கள், சீட்டு பிடிப்பவர்கள், சங்கப் பொருளாளர்கள், முதலில் செய்ய வேண்டியது அந்தப் பணத்தை நம் கையிலிருந்து நகர்த்துவது. காரணம் சொல்ல முடியாவிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, சூதாட்டப் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது.

அதை எனக்குச் சொன்னவர் ஒரு டாக்டர். பூட்டெல்லாம் போட்ட பிறகும் இரவில் கை துறுதுறுக்கும், தூக்கம் வராது. ஒரு நாள் யார்டுக்குப் பின்னால் நின்று 14416-ஐ அழைத்தேன். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அந்தப் பக்கம் இருந்தவர் அவசரப்படாமல் கேட்டார். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். ஸ்டான்லிக்குப் போனேன். டாக்டர் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. எந்த நேரத்தில் ஆடுவீர்கள், எங்கே உட்கார்ந்து ஆடுவீர்கள், சம்பளம் வந்து எத்தனையாவது நாள், என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆசை அலை மாதிரி எழும், அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் தானாக இறங்கும், அந்த அரை மணி நேரம் கையில் போன் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். தெளிவும் அரை மணி நேரம், ஆசையும் அரை மணி நேரம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது இரவு பத்து மணிக்கு என் போன் சமையலறை அலமாரிக்குப் போய்விடும்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது, பணம் வைத்து ஆடும் விளையாட்டுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை அனுமதி இல்லை என்று. கம்பெனிகள் வழக்குப் போட்டன, ஜூன் 3-ல் உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் என் ஸ்டேட்மென்ட்டில் நேரத்தைப் பார்த்தேன். நான் கட்டிய பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஐந்து மணி நேரத்துக்குள் கட்டியது. தனி மனித சுதந்திரத்தில் அரசு தலையிடலாமா என்று பேசுகிறவர்கள் இரவு இரண்டு மணிக்கு என் வீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஆகஸ்டிலேயே மத்திய அரசுச் சட்டம் வந்து பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்தது. பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. அதோடு முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மூன்று வாரத்தில் வாட்ஸ்அப்பில் தெரியாத நம்பரிலிருந்து செய்தி. வெளிநாட்டுத் தளம், ஐடி நாங்கள் தருகிறோம், இந்த கியூஆர் கோடுக்குப் பணம் போடுங்கள் என்று. இவர்களிடம் சுயவிலக்கு என்று எதுவும் கிடையாது, புகார் சொல்ல ஆளும் இல்லை. பணம் போகும் கணக்கு யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். எங்கள் டிரைவர் ஒருவர் இதில் ஜெயித்த 3,500 ரூபாயை வாங்கினார். பணம் அனுப்பிய கணக்கு ஏதோ மோசடி வழக்கில் இருந்ததால் இவருடைய கணக்கும் முடக்கப்பட்டது. பல வாரம் சம்பளத்தை எடுக்க முடியாமல் அலைந்தார். தோற்றால்தான் நஷ்டம் என்று இல்லை, இதில் ஜெயித்தாலும் நஷ்டம். இன்னொன்று, அந்தச் சட்டம் ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கும் விளம்பரம் செய்கிறவர்களுக்கும் அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து கொடுப்பவர்களுக்கும்தான் தண்டனை சொல்கிறது, ஆடி ஏமாந்தவருக்கு இல்லை. போலீஸ் பிடிக்கும் என்று பயந்து உதவி கேட்காமல் இருக்காதீர்கள்.

இந்தச் செய்திகளைக் குறைக்க நான் செய்தவை: 1909-க்கு ஸ்டார்ட் 0 என்று ஆங்கிலத்தில் அனுப்பி விளம்பர அழைப்பு, செய்தி எல்லாவற்றையும் நிறுத்தினேன். கூகுள் கணக்கின் விளம்பர அமைப்பில் சூதாட்ட விளம்பரம் குறைவாகக் காட்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டேன். பெட்பிளாக்கர் என்று ஒரு தொண்டு நிறுவனத்தின் இலவச ஆப், நாம் குறித்த காலம் முடியும்வரை சூதாட்டத் தளங்களைத் திறக்க விடாது. புதுப்புதுத் தளம் முளைத்துக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் அது பிடித்துவிடாது, ஆனாலும் ஒரு தாழ்ப்பாள் கூடுதலாக இருப்பது நல்லதுதான். வாட்ஸ்அப்பில் வந்த நம்பரைப் பதில் போடாமல் தடுத்துவிடுங்கள். ஒரு "வேண்டாம்" கூடப் போடாதீர்கள், இந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு, யார் காதில் விழுமோ தெரியாது, எழுதி வைக்கிறேன். ஆப்கள் மூடியதால் சுயவிலக்கு தேவையில்லை என்று விட்டுவிடக் கூடாது, இப்போது அது வங்கிக்கு வர வேண்டும். பிரிட்டனில் சில வங்கிகளில் சூதாட்டச் செலவைத் தடுக்கும் பொத்தான் இருக்கிறது, போட்டவுடன் பூட்டும், எடுக்க வேண்டுமென்றால் 48 மணி நேரம்கூடக் காத்திருக்க வைக்கிறார்கள். நான் பட்டதற்கு நேர் எதிர். பூட்டுவது உடனே, திறப்பதுதான் தாமதம். இங்கே பணம் தனி ஆட்கள் கணக்குக்குப் போவதால் அந்தப் பொத்தான் மட்டும் போதாது. ஒரு வருடத்துக்கு என் கணக்கில் யுபிஐ வேண்டாம், அதற்கு முன் நானே வந்து கேட்டாலும் குடும்பத்தில் ஒருவர் கையெழுத்து இல்லாமல் திறக்காதீர்கள் என்று எழுதிக் கொடுக்க ஒரு பக்கப் படிவம் போதும். தமிழில் இருக்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. மனைவியோ அம்மாவோ வந்து கேட்டாலும் கேட்டுக்கொள்ளும் ஒரு வழி இருக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் அது கிடைத்தால் எங்கள் டிரைவர்கள் லீவு போடாமல் போய் எழுதிக் கொடுப்பார்கள்.

போன வாரம் ஜீரோ கேட் வரிசையில் ஒரு டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து, "அண்ணே, நீங்க எப்படி நிறுத்துனீங்க?" என்று கேட்டார். தூத்துக்குடிப் பையன், கல்யாணம் ஆகி எட்டு மாதம். போனை அப்போதே வாங்கி, அவர் கண் முன்னால் யுபிஐ ஆப்களில் கணக்கை நீக்க வைத்தேன். வரிசை நகரும் முன் முடிந்துவிட்டது. அவர் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லையாம். ஊரில் இருக்கும் அக்காவின் நம்பரைப் போடலாமா என்று கேட்டார், போடலாம் என்றேன். திங்கட்கிழமை காலை அவருக்கு லோடு இல்லை. பாஸ்புக், ஆதார், பழைய கணக்குகளின் பட்டியல் எல்லாம் எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு வங்கி வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கவுன்டரில் நான் பக்கத்தில் நிற்பேன்.